ஜப்பான் இன்னும் ஜெயிக்காத மேட்ச்

2022 நவம்பர் 23, சாயங்காலம் ஆறரை மணி. நாங்கள் அப்போ ஃபர்ஸ்ட் இயர். ஹாஸ்டலில் ஒரே லேப்டாப்பைச் சுற்றிப் பதினோரு பேர். பத்து பேர் ஜெர்மனி பக்கம், நான் மட்டும் ஜப்பான். பெரிய காரணமெல்லாம் இல்லை. எல்லாரும் ஒரு பக்கம் உட்கார்ந்தால் எனக்கு எதிர்ப்பக்கம் போய் உட்காரணும், அவ்வளவுதான். ஹாஃப் டைமில் ஜெர்மனி 1-0. பாதிப் பேர் மெஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள். சாப்பிட்டுத் திரும்பி வரும்போது ஸ்கோர் 2-1. ஜப்பான் முன்னாடி.

அன்னைக்குப் பிடித்த டீமை இன்னும் விடவில்லை. இப்போ ஃபைனல் இயர். ஜூன் 11 அடுத்த வேர்ல்டு கப் ஆரம்பிக்கும்போது நம்ம பேட்ச் ஹாஸ்டலைக் காலி பண்ணியிருக்கும். அதற்குள் இந்த டீமைப் பற்றி உங்களிடம் சொல்லிவிட வேண்டும். ஜப்பான் என்றாலே "ஸ்டேடியத்தை க்ளீன் பண்ணிட்டுப் போவாங்களே, அவங்கதானே?" என்று ஃபேமிலி குரூப் ஃபார்வர்டு ரேஞ்சில் கேட்பவர்களுக்காகவே இது.

விஷயம் இதுதான். ஜப்பான் இதுவரை 7 வேர்ல்டு கப் ஆடியிருக்கிறது. 2002, 2010, 2018, 2022 என நாலு தடவை குரூப்பைத் தாண்டியது. நாலு தடவையும் அடுத்த மேட்சிலேயே வீட்டுக்கு. ஜெர்மனியையும் ஸ்பெயினையும் ஒரே குரூப்பில் ஜெயித்த டீம், வேர்ல்டு கப் நாக் அவுட்டில் ஒரு மேட்ச் கூட ஜெயித்தது இல்லை.

இந்த வருஷம் அது இன்னும் சிக்கல். 48 டீம், 12 குரூப். ஒவ்வொரு குரூப்பிலும் முதல் இரண்டு இடம், கூடவே மூன்றாம் இடம் பிடித்ததில் நல்ல 8 டீம் என்று 32 பேர் நாக் அவுட்டுக்குப் போவார்கள். அதாவது பழைய ரவுண்ட் ஆஃப் 16-க்கு முன்னாடி புதுசாக ஒரு ரவுண்டு. வழக்கமாக அவுட் ஆகும் இடத்துக்குப் போய்ச் சேரவே ஜப்பான் ஒரு நாக் அவுட் ஜெயிக்கணும்.

சரி, எதிரில் யார்? ஜப்பான் இருப்பது குரூப் எஃப். நெதர்லாந்து, துனிசியா, கூட ஐரோப்பிய பிளே-ஆஃபில் இருந்து ஒரு டீம். இதில் முதலிடம் வந்தால் குரூப் சி-யில் இரண்டாவது வந்தவர்களோடு மேட்ச். இரண்டாமிடம் என்றால் அங்கே முதலாவது வந்தவர்களோடு. குரூப் சி-யில் இருப்பது பிரேசில், மொராக்கோ, ஸ்காட்லாந்து, ஹைத்தி. அட்டவணையைப் பார்த்ததும் நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

இவர்களுக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்ப்போம். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா ஜப்பானை 2-0 என்று ஜெயித்தது, தங்கமும் நமக்குத்தான். (ஆமாம், நிஜமாகவே.) ஜப்பானில் புரொஃபஷனல் லீகான ஜே-லீக் ஆரம்பித்ததே 1993 மே மாதம், வெறும் 10 கிளப்போடு. கம்பெனிப் பேரைக் கிளப் பேரில் வைக்கக் கூடாது, ஊர்ப் பேர் இருக்கணும் என்று ரூல் போட்டார்கள். கம்பெனி டீமாக இருந்தவை ஊர் டீம் ஆயின.

அதே வருஷம் அக்டோபர் 28, டோஹா. ஈராக்கை ஜெயித்தால் ஜப்பானுக்கு முதல் வேர்ல்டு கப். 2-1 லீடிங், மேட்ச் முடியப்போகிறது. இஞ்சுரி டைமில் ஈராக்குக்கு ஒரு கார்னர். ஷார்ட்டாகப் போட்டு, கிராஸ் பண்ணி, ஹெட்டரில் கோல். 2-2. ஜப்பான் போக வேண்டிய இடத்துக்கு கோல் வித்தியாசத்தில் தென் கொரியா போனது. 'டோஹா துயரம்' என்று அங்கே இன்னும் பேசுகிறார்கள். அன்று ஜப்பான் மிட்ஃபீல்டில் ஆடிய ஒருவர் பெயர் ஹஜிமே மொரியாசு. இப்போதைய கோச் அவரேதான்! 2022-ல் அதே கத்தாரில் ஸ்பெயினுக்கு எதிராகக் கடைசி ஒரு நிமிஷம் இருக்கும்போது பழைய டோஹா தான் ஞாபகம் வந்தது என்று அவரே சொன்னார். இந்தத் தடவை தப்பித்தார்.

1998-ல் முதல் வேர்ல்டு கப் போனபோது ஸ்குவாட் முழுக்க ஜே-லீக் ஆட்கள், மூணு மேட்சும் தோல்வி. 2022-ல் 26 பேரில் 19 பேர் ஐரோப்பிய கிளப்பில். இந்த மாற்றத்தில் எனக்குப் பிடித்த ஆள் மிதோமா. ஸ்கூல் முடிந்ததும் கவாசாகி ஃப்ரொன்டாலே கிளப் கூப்பிட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு த்ஸுகுபா யுனிவர்சிட்டியில் சேர்ந்தார். ஃபைனல் இயர் ஆய்வுக்கு அவர் எடுத்த டாபிக்: டிரிப்ளிங். டீம்மேட்ஸ் தலையில் கேமரா மாட்டி, நன்றாக டிரிப்ளிங் பண்ணுகிறவன் எங்கே பார்க்கிறான் என்று ஆராய்ந்தார். பிறகு பிரைட்டன் போய் அதையே பிரீமியர் லீக் டிஃபண்டர்களிடம் செய்து காட்டினார். கிட்ஹப்பில் இருந்து இறக்கிய அட்டெண்டன்ஸ் சிஸ்டத்துக்கு ஆறாவது தடவை பேர் மாற்றிக்கொண்டிருக்கும் நமக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

அப்புறம் ஏன் தோற்கிறார்கள்? நான் பார்த்தவரை காரணம் இரண்டு.

முதலாவது, இடம் கொடுக்காத டீமிடம் திணறுவது. ஸ்பெயின் மேட்சில் பந்து ஜப்பானிடம் இருந்தது 18 சதவீதத்துக்கும் கம்மி. ஆனாலும் 2-1 ஜெயித்தார்கள். எதிரி முன்னேறி வரும்போது பின்னாடி காலியாகும் இடத்தில் பாய்வது இவர்கள் பலம். தனாகா அடித்த இரண்டாவது கோலுக்கு முன்னாடி மிதோமா திருப்பிவிட்ட பந்து கோட்டுக்குள் இருந்தது வெறும் 1.88 மில்லிமீட்டர். வி.ஏ.ஆர். இல்லாத காலமாக இருந்தால் கோல் இல்லை என்று போயிருக்கும். ஆனால் இதே ஜப்பான், ஸ்பெயினிடம் 7-0 வாங்கிய கோஸ்டா ரிகாவிடம் 1-0 தோற்றது. கோஸ்டா ரிகா முன்னேறி வரவே இல்லை. பாயவும் இடம் இல்லை.

இதற்கு மொரியாசு 2024-ல் கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். 3-4-2-1 ஃபார்மேஷன். இதில் இரண்டு ஓரத்திலும் விங்-பேக் என்று ஒருவர் வேண்டும். பொதுவாக அங்கே டிஃபண்டரைப் போடுவார்கள். இவர் மிதோமா, தோஆன் மாதிரி அசல் விங்கர்களையே போட்டார். பந்து நம்மிடம் இருக்கும்போது முன்வரிசையில் ஐந்து பேர் அகலமாக நிற்பார்கள். நாலு பேர் டிஃபன்ஸ் வைத்திருக்கும் டீம் எந்த ஐந்தாவது ஆளைப் பிடிக்கும்? யாரோ ஒருவர் எப்போதும் ஃப்ரீ. சீனாவை 7-0 அடித்தது இப்படித்தான். 2025 மார்ச்சில், போட்டி நடத்தும் மூன்று நாடுகளைத் தவிர்த்தால், முதலில் குவாலிஃபை ஆன டீமும் ஜப்பான்தான். ஓசியில் வருவதில்லை இது. விங்கர் முன்னாடி போய்விட்டால் அவர் பின்னாடி மைதானமே காலி. நெதர்லாந்து முதல் மேட்சிலேயே அங்கேதான் பந்தைப் போடப்போகிறது, பாருங்கள்.

இரண்டாவது காரணத்துக்கு ஃபார்மேஷனில் மருந்து இல்லை. கடைசி நிமிஷங்கள். 2018-ல் பெல்ஜியத்தோடு 2-0 லீடிங். அது 2-2 ஆனது. கடைசி நிமிஷத்தில் ஜப்பானுக்கு ஒரு கார்னர். எக்ஸ்ட்ரா டைமுக்குப் போவோம் என்று நினைக்காமல் ஜெயிக்கவே ஆட்களை மேலே அனுப்பினார்கள். கீப்பர் பந்தைப் பிடித்தார். டி புருய்ன ஓடினார், சட்லி கோல். எல்லாம் பத்து விநாடி சுமாருக்கு. யூட்யூபில் இருக்கு, நான் இப்போதெல்லாம் பார்ப்பதில்லை. 2024 ஆசியக் கோப்பையில் ஈரான் லாங் பால் போட்டே நெருக்கி, 96-வது நிமிஷப் பெனால்டியில் முடித்தது.

ஷூட் அவுட் தனிக் கதை. 2010-ல் பராகுவேயிடம் கொமானோ அடித்தது பாரில் பட்டது. 2022-ல் குரோஷியாவிடம் நாலு பேரில் மூணு பேர் அடித்ததை கீப்பர் லிவகோவிச் தடுத்தார். யார் அடிக்கிறீர்கள் என்று மொரியாசு ஆட்களிடமே விட்டிருந்தார். சில விநாடி யாரும் கை தூக்கவில்லை. பிறகு மினாமினோ நான் போகிறேன் என்றார். முதல் ஆளாகப் போனார், அவர் பந்தே தடுக்கப்பட்டது. தைரியமாகக் கை தூக்கியவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அந்த வேலையைக் கோச் முன்கூட்டியே செய்திருக்க வேண்டும். வைவாவில் கூட ரோல் நம்பர் வரிசையில்தானே கூப்பிடுகிறார்கள்?

அதே மினாமினோதான் 2025 அக்டோபர் 14 டோக்கியோவில், பிரேசிலிடம் 2-0 பின்தங்கியிருந்தபோது முதல் கோலைத் திருப்பினார். பிறகு நகாமுரா, பிறகு உயேதா. 3-2. பிரேசிலை ஜப்பான் ஜெயித்தது சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை. நட்பு ஆட்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செகண்ட் ஹாஃபில் ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு பிரேசில் டிஃபன்ஸை மூச்சு விடாமல் நெருக்கினார்களே, அதில் நட்பு எதுவும் தெரியவில்லை. டிசம்பரில் மினாமினோவுக்கு முழங்கால் லிகமெண்ட் போய்விட்டது. அவர் இல்லாமல் அதே வேகத்தில் நெருக்க முடியுமா என்பது என் பெரிய பயம்.

ஜூன் 14 டல்லாஸில் நெதர்லாந்து மேட்ச். நமக்கு நள்ளிரவு தாண்டிவிடும், அலாரம் வையுங்கள். குரூப்பைத் தாண்டுவார்கள் என்று நான் எழுதியே தருகிறேன். ஜூன் கடைசியில் வரும் அந்த நாக் அவுட்டுக்கு மட்டும் என்னிடம் எதையும் எழுதி வாங்காதீர்கள். அது ஷூட் அவுட் வரை போனால், யார் முதலில் நடந்து போகிறார் என்று குரூப்பில் மெசேஜ் போடுங்கள். நான் கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பேன்.