விழாமல் நடப்போம்! மூத்த சகோதரிகளுக்கான பத்து நிமிடப் பயிற்சி



தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தர்மபுரி மாவட்டத்தில் முதன்முதலாகத் தொடங்கப்பட்டன. அப்போது முப்பது வயதில் குழுவில் சேர்ந்தவர்கள் இன்று அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டார்கள். நம் கூட்டமைப்பிலும் மூத்த உறுப்பினர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். வீட்டிலும் மாமியார், அம்மா, அப்பத்தா என்று பெரியவர்கள் இருக்கிறார்கள். இந்த இதழில் அவர்களுக்கான யோகா மற்றும் எளிய உடற்பயிற்சி பற்றிப் பேசுவோம்.

யோகா என்றதும், "அதெல்லாம் டவுன்காரங்களுக்கு, நமக்கு எதுக்குங்க?" என்று கேட்பீர்கள். அதனால் முதலில் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம்.

ஒரு தடவை விழுந்தால் என்ன ஆகிறது?

குழுக்களில் மருத்துவச் செலவுக்கு உள்கடன் கேட்டு வரும்போது, "அத்தை வழுக்கி விழுந்துட்டாங்க, இடுப்பு எலும்பு முறிஞ்சு போச்சு" என்ற காரணத்தை அடிக்கடி கேட்கிறோம். அரசு மருத்துவமனையில் ஆபரேஷனுக்குப் பணம் வாங்குவதில்லை. ஆனால் போக்குவரத்து, கூட இருப்பவரின் சாப்பாடு, வெளியில் வாங்கும் பொருட்கள் என்று கை கரைந்துவிடும். அவரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒரு பெண் இரண்டு, மூன்று மாதம் கூலிக்குப் போக முடியாது. கணக்கு நோட்டில் ஏறாத நஷ்டம் இது. படுத்த பெரியவர் பழையபடி எழுந்து நடமாடுவாரா என்ற கவலை வேறு.

ஆகவே பெரியவர்களுக்குப் பயிற்சி என்று நாம் சொல்வது, உடம்பை வில்லாக வளைத்துக் காட்டுவதற்கு அல்ல. கீழே விழாமல் இருப்பதற்கு. கழிவறைக்குத் தானே போய், தானே எழுந்து வருவதற்கு. அதற்கு வேண்டியது இரண்டுதான்: கால் பலம், உடல் சமநிலை.

ஏன் விழுகிறோம்?

வயது ஏறும்போது உடம்பில் மூன்று விஷயங்கள் குறைகின்றன.

ஒன்று, தசை பலம். நடுவயதிலிருந்தே தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அறுபதுக்கு மேல் வேகம் கூடும். தொடைத் தசை மெலிந்தால் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவே கையை ஊன்ற வேண்டியிருக்கும்.

இரண்டு, எலும்பு பலம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு வேகமாக வலு இழக்கிறது. அதனால்தான் லேசாக விழுந்தாலும் மணிக்கட்டும் இடுப்பும் முறிகின்றன.

மூன்று, சமநிலை. நாம் நேராக நிற்பதற்குக் கண், காதின் உள்பகுதி, பாதத்தின் உணர்வு மூன்றும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். கண்ணில் புரை விழுந்தாலோ, சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனாலோ தள்ளாட்டம் வரும்.

"காட்டு வேலை செய்யுறது போதாதா?"

எல்லாக் கூட்டத்திலும் எழும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். நடவு நட்டு, களை எடுத்து, தண்ணீர் சுமந்த உடம்புக்கு வேறு பயிற்சி எதற்கு?

வேலை வேறு, பயிற்சி வேறு. நாற்று நடும்போது முதுகு ஒரே பக்கம், மணிக்கணக்கில் குனிந்தே இருக்கிறது. பின்பக்கம் நிமிர்வதே இல்லை. குடம் சுமக்கும்போது ஒரே இடுப்பில்தான் பாரம். இதில் சில தசைகள் தேய்கின்றன, சில தசைகளுக்கு வேலையே இல்லை. பயிற்சி என்பது விட்டுப்போன தசைகளுக்கும் சமமாக வேலை கொடுப்பது.

இன்னொன்று, வேலைக்குப் போவதை நிறுத்தியவர்களின் நிலை. "இனிமே நீங்க உட்காருங்கத்தை, நாங்க பாத்துக்குறோம்" என்று அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பவருக்குச் சில மாதங்களிலேயே கால் சோர்ந்துவிடுகிறது. ஓய்வு வேண்டும்தான். முழு ஓய்வு கூடாது.

"இந்த வயசுக்கு மேல பலம் வருமா?"

வரும். 1990இல் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதை ஒட்டிய 10 பேருக்கு 8 வாரம் கால் பலப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது. தொண்ணூறில் முடியும் என்றால் அறுபத்தைந்தில் முடியாதா?

பல நாடுகளில் நடந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் ஓர் அறிக்கை வந்தது. பயிற்சி செய்த முதியவர்கள் விழுவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது என்று அது சொல்கிறது. அதிலும் சமநிலைப் பயிற்சியும், உட்கார்ந்து எழுவது போன்ற அன்றாட அசைவுகளும்தான் முக்கியமாகக் கைகொடுத்தன.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமாக உடம்பை அசைக்க வேண்டும். வாரத்தில் 3 நாளாவது சமநிலைக்கும் பலத்துக்குமான பயிற்சி வேண்டும். ஒரேயடியாக முடியாதவர்கள் முடிந்த அளவு தொடங்கினாலும் பலன் உண்டு.

முதலில் ஒரு சோதனை

ஒன்றரை அடி உயர நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். பெரியவர் கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு உட்காரட்டும். அரை நிமிடத்தில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும்.

அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் வைத்திருக்கும் அளவுப்படி, 65 முதல் 69 வயதுப் பெண் 11 தடவைக்குக் குறைவாகவோ, 70 முதல் 79 வயதுப் பெண் 10 தடவைக்குக் குறைவாகவோ எழுந்தால் கீழே விழும் வாய்ப்பு அதிகம். குறைவாக வந்தால் பயப்பட வேண்டாம். எண்ணிக்கையை நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடி எண்ணிப் பாருங்கள்.

ஆறு எளிய பயிற்சிகள்

வெறும் வயிற்றிலும் வேண்டாம், சாப்பிட்டவுடனும் வேண்டாம். காலையில் கொஞ்சம் கஞ்சியோ டீயோ குடித்து அரை மணி நேரம் கழித்துச் செய்யலாம். சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள்.

1. மூச்சு: நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட நீளமாக வெளியே விடுங்கள். 10 தடவை. மூச்சை அடக்கிப் பிடிக்க வேண்டாம்.

2. கால் நீட்டல்: உட்கார்ந்தபடியே ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி 5 எண்ணும் வரை வைத்து இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 தடவை. முட்டிவலி உள்ளவர்களுக்கு மிகவும் நல்லது. தொடை பலமானால் முட்டியின் மேல் விழும் பாரம் குறையும்.

3. உட்கார்ந்து எழுதல்: பாதங்களை இடுப்பு அகலத்துக்கு வைத்து, உடம்பை முன்னால் சாய்த்து எழுங்கள். தொப்பென்று விழாமல் மெதுவாக உட்காருங்கள். முதல் வாரம் 5, பிறகு 10. முடியாதவர்கள் தொடையில் கை ஊன்றலாம். ஒன்றே ஒன்றுதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

4. குதிகால் தூக்கல்: சுவரையோ தூணையோ பிடித்து நின்று, இரண்டு குதிகால்களையும் தூக்கி 3 எண்ணி இறக்குங்கள். 10 தடவை. தாடாசனத்தின் எளிய வடிவம் இது.

5. ஒற்றைக்கால் நிற்றல்: ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பாதத்தைத் தரையிலிருந்து நான்கு விரல் அளவு தூக்குங்கள். 10 எண்ணுங்கள். பிறகு அடுத்த கால். விருட்சாசனம்போல் பாதத்தைத் தொடையில் ஏற்ற வேண்டியதில்லை. பழகிய பிறகு ஒரு விரலால் மட்டும் கம்பியைத் தொட்டு நிற்கலாம்.

6. அடி ஒட்டி நடத்தல்: ஒரு கால் கட்டைவிரலை ஒட்டி அடுத்த காலின் குதிகாலை வைத்து, சுவர் ஓரமாக 10 அடி நடங்கள். குனிந்து காலைப் பார்க்காமல் நேரே பாருங்கள்.

எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம்தான். இதோடு காலை, மாலை கோயில் வரைக்குமோ கடை வரைக்குமோ நடந்தால் போதும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

இவற்றைச் செய்ய வேண்டாம்

டி.வி.யில் பார்த்ததையெல்லாம் பெரியவர்களைச் செய்யச் சொல்லாதீர்கள். சென்னையில் வாழ்ந்து 1989இல் நூறு வயதில் மறைந்த யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சார்யா, ஆளுக்குத் தகுந்தபடி யோகாவை மாற்றிக் கற்பிக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தவர். அந்த வழியே நமக்குச் சரி.

* பிரஷர், இதய நோய், கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்கள் தலைகீழாக நிற்கும் ஆசனங்களையும், வேகமாக மூச்சு விடும் கபாலபாதியையும் செய்யக் கூடாது.
* எலும்பு தேய்ந்தவர்கள், கூன் விழுந்தவர்கள் காலை நீட்டிக் குனிந்து பாதத்தைத் தொடும் ஆசனம் செய்யக் கூடாது. முதுகெலும்பு நொறுங்க வாய்ப்புண்டு.
* முட்டிவலி அதிகம் உள்ளவர்களுக்கு வஜ்ராசனம் வேண்டாம்.
* கண் புரை ஆபரேஷன் அல்லது வேறு ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டர் சொன்ன பிறகே தொடங்க வேண்டும்.
* சுகர் மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் சாப்பிடாமல் பயிற்சி செய்யக் கூடாது. பக்கத்தில் சர்க்கரையோ வெல்லமோ இருக்கட்டும்.

தசை லேசாக வலிப்பது இயல்பு. ஆனால் நெஞ்சு வலி, மூச்சு முட்டல், தலைச்சுற்றல், குளிர்ந்த வியர்வை வந்தால் உடனே நிறுத்துங்கள். நெஞ்சு வலி என்றால் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

வீட்டையும் கொஞ்சம் பாருங்கள்

பயிற்சி பாதி, வீடு பாதி. குளிக்கும் இடத்துப் பாசியை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். கழிவறைச் சுவரில் ஒரு பிடிகம்பி அடிக்கலாம். படுக்கும் இடத்திலிருந்து கழிவறை வரை இரவில் சின்ன விளக்கு எரியட்டும். வாசல்படி ஓரத்தில் வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு போட்டால் மங்கலான கண்ணுக்கும் படி தெரியும். தேய்ந்த, தொளதொள செருப்பு வேண்டாம்.

பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் படுக்கையிலிருந்து சட்டென்று எழக் கூடாது. ஒருக்களித்து, உட்கார்ந்து, ஒரு நிமிடம் கழித்து நில்லுங்கள்.

தட்டில் தினமும் பருப்பு, பயறு, கடலை, முட்டை, மீன் இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கட்டும். "எனக்கு ரசம் சோறு போதும்" என்று பெரியவர்கள் ஒதுங்குவார்கள். ரசம் சோறு மட்டும் சாப்பிட்டால் தசை வளராது.

அப்படியும் யாராவது விழுந்துவிட்டால், பதறிப் போய்க் கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். இடுப்பில் கடும் வலி இருந்தாலோ, ஒரு கால் குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ தெரிந்தாலோ எலும்பு முறிவாக இருக்கலாம். எண்ணெய் தடவி நீவக் கூடாது. அசைக்காமல் 108ஐ அழையுங்கள்.

குழு என்ன செய்யலாம்?

தனியாகச் செய்தால் நாலு நாளில் விட்டுப் போகும். சேமிப்பு மாதிரிதான் இதுவும். தனியாக உண்டியலில் போட்டால் உடைத்துவிடுவோம், குழுவில் போட்டால் நிற்கும். எங்கள் யோசனைகள்:

* ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் முதல் பத்து நிமிடம் இந்த ஆறு பயிற்சிகளைச் சேர்ந்து செய்யுங்கள். நாற்பது வயதுக்காரர்களும் செய்ய வேண்டும். இன்று செய்வது இருபது வருடம் கழித்து உதவும்.
* ஒரு மூத்த உறுப்பினருக்கு ஓர் இளைய உறுப்பினர் துணை. வாரம் மூன்று நாள் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் நின்று செய்ய வையுங்கள்.
* நாற்காலிச் சோதனையின் எண்ணிக்கையைத் தீர்மான நோட்டின் பின்பக்கத்தில் எழுதுங்கள்.
* பயிற்சி தொடங்கும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர், சுகர் பார்த்துவிடுங்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வரும் பிசியோதெரபி உதவி உண்டா என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள்.

ஒரு வேண்டுகோள். "வயசான காலத்துல இது என்ன கூத்து" என்று யாராவது சிரித்தால், மருமகள்களே முதலில் பக்கத்தில் நின்று செய்யுங்கள். சிரிப்பு நின்றுவிடும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இங்கே அம்மியை நகர்த்த வேண்டாம், நம் அப்பத்தா நாற்காலியிலிருந்து தானாக எழுந்தால் போதும்.

அடுத்த மாதக் கூட்டத்தில் உங்கள் குழுவின் எண்ணிக்கைகளைக் கொண்டு வாருங்கள். எந்தக் குழுவின் மூத்தவர்கள் அதிகம் முன்னேறினார்கள் என்று அடுத்த இதழில் எழுதுகிறோம்.