முதல் மாண்டிசோரி பள்ளி

ரோம் நகரின் சான் லொரென்சோ, ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. பெற்றோர் வேலைக்குப் போனதும், பள்ளி வயது எட்டாத பிள்ளைகள் மாடிப்படிகளையும் சுவர்களையும் பாழாக்கினார்கள். குடியிருப்பைப் புதுப்பித்த கட்டட நிறுவனம், அவர்களைக் கவனிக்கும் பொறுப்பை மருத்துவர் மரியா மாண்டிசோரியிடம் கொடுத்தது. கல்வி அக்கறையைவிடச் சுவரைப் பற்றிய கவலையே அதில் அதிகம். 1907 ஜனவரி 6 அன்று ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டது.

ஒருநாள் ஆசிரியை தாமதமாக வந்தார். முந்தைய நாள் கற்றல் பொருள்கள் வைத்திருந்த அலமாரியைப் பூட்ட மறந்திருந்தார். பிள்ளைகளோ வேண்டியதைத் தாங்களே எடுத்து வேலையில் மூழ்கியிருந்தார்கள். அதன்பின் பூட்டு போய், சின்னக் கைகளுக்கு எட்டும் தாழ்வான அலமாரிகள் வந்தன. ஏப்ரலிலேயே அதே பகுதியில் இரண்டாவது இல்லம். பின்னர், 1939இல் மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்து, தம் கல்வி முறையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்.