பூங்காவுக்கு முன் பதிவேடு

ஞாயிற்றுக்கிழமை புளியஞ்சோலைக்குப் போனால் அய்யாற்றில் கால் வைக்க இடமிருக்காது. இவ்வளவு கூட்டம் வரும் மலையடிவாரத்தில் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா கட்டினால் என்ன என்று முதலாளி எவருக்கும் தோன்றும். தோன்றினால் முதலில் நடப்பது சாத்தியக்கூறு ஆய்வு.

1953-ல் டிஸ்னிலேண்டுக்காக ஹாரிசன் பிரைஸ் செய்த ஆய்வுதான் இதற்கு முன்னோடி. மக்கள்தொகை, சாலை, வானிலை, நில விலை எல்லாம் கணக்கிட்டு, ஆரஞ்சுத் தோப்புகள் நிறைந்த அனாஹைமைக் காட்டினார். இன்றும் அதே கணக்குதான்: இரண்டு மணி நேரப் பயண தூரத்தில் எத்தனை பேர், தலைக்கு எவ்வளவு செலவழிப்பார்கள். நம் மக்கள் ‘வேலைவாய்ப்பு’ என்ற பத்தியில் மட்டும் வருவார்கள், துப்புரவுக்கும் காவலுக்கும்.

நாம் கேட்பது, அந்த நிலம் யாருடையது? திரெமென்ஹீர் அறிக்கையைத் தொடர்ந்து 1892-ல் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகள் விற்கக் கூடாது. பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கே விற்கலாம். ஆனாலும் கைமாறியது. அதை மீட்கும் போராட்டத்தில்தான் 1994-ல் காரணை நிலத்துக்காகப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். முப்பதாண்டு வில்லங்கச் சான்றைப் பார்த்து ‘சிக்கல் இல்லை’ என்று எழுதிவிட்டால் போதாது. பழைய ‘அ’ பதிவேட்டைப் புரட்ட வேண்டும்.

காட்டு நிலமென்றால் 2006 வன உரிமைச் சட்டமும் உண்டு. மேலே வாழும் மலையாளிப் பழங்குடியினரின் கிராம சபையைக் கேட்காமல் எதுவும் நடக்கக் கூடாது.

அளவெடுக்க ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். துறையூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் அந்தப் பதிவேட்டின் நகல் கேட்டுத் தகவல் உரிமை மனு போட பத்து ரூபாய்தான்.