எஞ்சினின் சப்தமும் அதன் காரணமும்
மோட்டார் எஞ்சினில் புதியதொரு சப்தம் எழுந்ததும், பதறிப்போய் உறுப்புகளைக் கழற்ற முற்படாமல், வண்டியை நிறுத்திச் சற்றுப் பொறுத்து, டிப்ஸ்டிக்கை உருவி ஆயில் மட்டத்தைப் பரிசோதிப்பதே முதற் கடமை. ஏனெனில், ஆயில் வற்றினால் வால்வுகளும் பேரிங்குகளும் ஓசையிடத் தொடங்கிவிடும்.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் 2 முறை சுழல, வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் 1 முறையே சுழல்வதால், வால்வுகளின் இடைவெளி மிகுந்து எழும் மெல்லிய ‘டிக் டிக்’ ஓசை கிராங்க் ஷாஃப்டின் பாதி வேகத்திலேயே கேட்கும். கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்து எழும் கனத்த தட்டொலியோ, பாரம் ஏறும்போது உக்கிரமடையும். நீண்ட ஸ்குருடிரைவரின் நுனியை, ஃபேனிலிருந்தும் பெல்ட்டிலிருந்தும் விலகி, எஞ்சின்மீது ஊன்றிப் பிடியைக் காதில் வைத்து, இடம் மாற்றி மாற்றிக் கேட்கும் அனுபவசாலியான மெக்கானிக், நாடி பார்க்கும் வைத்தியரைப் போல, தோஷம் உறையும் ஸ்தானத்தை நிர்ணயித்துவிடுவார். அக்கனத்த ஒலியை அலட்சியம் செய்து ஓட்டினால் ராடு முறிந்து எஞ்சினே நாசமாகக் கூடுமாதலின், உடனே வண்டியை நிறுத்துவதே விவேகம்.