பத்து வயதில் தொடங்கிய சட்டம்

சேரப்பணஞ்சேரி, ஒரகடம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கர்ப்பிணி ஒருத்தி பதிவுக்கு வந்தால் ஆதார் அட்டையைக் கேட்பார்கள். அதில் 18 நிரம்பவில்லை என்றால், கழுத்தில் தாலி இருந்தாலும் போலீசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவு அப்படி. சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை.

இந்தப் பாதுகாப்பு லேசில் வந்ததல்ல. 1860-ன் இந்திய தண்டனைச் சட்டம் பாலுறவுக்கான சம்மத வயதாக வைத்தது வெறும் 10. பத்தைத் தாண்டியிருந்த சிறுமி ஃபுல்மோனி தாசி, ஏறக்குறைய இருபது வயது மூத்த கணவன் கொண்ட பாலுறவால் இறந்துபோனாள். 1890-ல் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில் அவன்மீது பாலியல் வன்முறைக் குற்றம் நிற்கவில்லை. மனைவி பத்தைக் கடந்தவள் என்பதே காரணம். கிடைத்தது ஓராண்டு கடுங்காவல். அதன் பிறகுதான் 1891-ல் வயது 12 ஆனது. அதற்கும் 'மதத்தில் தலையிடாதே' என்று திலகர் போன்றவர்களே எதிர்த்து நின்றார்கள். இங்கிலாந்து 1885-லேயே 16-க்குப் போயிருந்தது.

சென்னை சட்ட மேலவையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திருமண வயதை உயர்த்தப் போராடினார். 1929-ல் சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கியது. 2012-ல் போக்சோ 18 என்றது. ஆனால் இந்திய தண்டனைச் சட்டத்தில் கணவன் என்றால் 15 போதும் என்ற விலக்கு 2017 வரை நீடித்தது. உச்ச நீதிமன்றம்தான் அதை அகற்றியது. மணமான சிறுமிக்கு நியாயம் கடைசியாகத்தான் எட்டியது என்பது நெஞ்சை உறுத்துகிறது.

இன்றைய சிக்கல் வேறு. கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் 19 வயதுப் பையனும் பிளஸ் டூ படிக்கும் 17 வயதுப் பெண்ணும் காதலித்து வீட்டைவிட்டுப் போகிறார்கள். சாதி வேறாக இருந்தால் புகார் இன்னும் சீக்கிரம் வரும். பையன்மீது போக்சோ பாய்கிறது. ஜாமீன் கிடைத்தாலும் வேலை போய்விடும். 2021-ல் இத்தகைய ஒரு வழக்கை சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். காதல் வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்யாதீர்கள் என்று 2022-ல் தமிழக டிஜிபி சுற்றறிக்கை அனுப்பினார்.

அதற்காகச் சம்மத வயதை 16-க்கு இறக்கக் கூடாது என்பேன். மாமன், வாத்தியார், சூப்பர்வைசர் என்று அதிகாரம் உள்ளவர்களுக்கு அது கதவைத் திறந்துவிடும். 2023-ல் சட்ட ஆணையமும் இறக்க வேண்டாம் என்றே சொன்னது. காதலிக்கும் இருவருக்கும் இடையே உள்ள வயது வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும் என்று 2019-லேயே நீதிபதி பார்த்திபன் யோசனை சொன்னார். ஐந்தாண்டு அளவில் ஒரு வரம்பு. நாடாளுமன்றம் கையிலெடுக்க வேண்டியது அந்த யோசனையைத்தான்.