நாற்பது பைசாவில் பிறந்த வழக்கு

வக்கீல் என்றதும் ஜனங்களுக்கு நினைவு வருவது கொலைக் கேஸ். அதை விட்டால் வரப்புத் தகராறு. கோர்ட்டு மேஜை மீது வெட்டரிவாளும் கறை படிந்த வேட்டியும் சாட்சிப் பொருள்களாக வந்து உட்கார்ந்திருக்கும். ஆனால் வேறொரு ரக வக்கீல்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய மேஜைக்கு வரும் சாட்சிப் பொருள் ஒரு புத்தகமாக இருக்கும். அல்லது ஒலிப்பதிவு நாடாவாக, கம்ப்யூட்டருக்கென்று எழுதிய சில ஆயிரம் வரிகளாக இருக்கும். களவு நடந்ததா என்பதுதான் இங்கேயும் கேள்வி. விசித்திரம் என்னவென்றால், களவு போனதாகச் சொல்லப்படும் பொருள் சொந்தக்காரரிடமே பத்திரமாக இருக்கும்!

பதிப்புரிமை வழக்குகளை நடத்தும் இந்த வக்கீல்களுக்கு வேலை கொடுப்பவர்கள் எழுத்தாளர்கள் மட்டுமல்ல. புது இயந்திரம் ஒன்று கடைத் தெருவுக்கு வந்தால் போதும், சில வருஷங்களில் அது இவர்கள் வாசற்படியை மிதித்து விடும். தானே வாசிக்கும் பியானோ என்று ஒன்று ஒரு காலத்தில் இருந்தது. துளையிட்ட காகிதச் சுருளைப் பொருத்தினால் ஆள் இல்லாமலே பாட்டு வரும். அந்தச் சுருள் பாட்டின் நகலா, இல்லையா? 1908ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போய் முட்டினார்கள். மனிதன் கண்ணால் பார்த்துப் படிக்க முடியாதது நகல் ஆகாது என்று தீர்ப்பு வந்தது. பாட்டு எழுதியவர்கள் வயிற்றில் அடித்துக் கொண்டார்கள். மறு வருஷமே அந்த நாட்டில் சட்டத்தை மாற்ற வேண்டியதாயிற்று.

இந்தத் தொழிலின் சூட்சுமம் எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் தலைநகரமாகிய டில்லியில் ஒரு ஜெராக்ஸ் கடை மேல் தொடுக்கப்பட்ட வழக்கே போதும்.

மூன்று ஸ்தாபனங்களும் ஒரு கடையும்

டில்லிப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ‘டில்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்’ பொருளாதாரக் கல்விக்குப் பேர் போன இடம். அதன் வளாகத்துக்குள்ளேயே, பல்கலைக் கழகத்தின் அனுமதியோடு, ‘ராமேஸ்வரி போட்டோகாப்பி’ என்ற சிறு கடை நடந்தது. மேல் படிப்புப் படிக்கும் மாணவனுக்கு ஒரே பாடப் புத்தகம் என்பது கிடையாது. இந்த நூலில் ஓர் அத்தியாயம், அந்த நூலில் பத்துப் பக்கம் என்று ஆசிரியர்கள் நீண்ட பட்டியல் கொடுப்பார்கள். பெரும்பாலும் வெளிநாட்டு விலையுள்ள நூல்கள். அத்தனையையும் வாங்க வேண்டுமானால் பெற்றோர் நிலத்தை எழுதித்தான் வைக்க வேண்டும்! ஆகவே நூலகத்துப் புத்தகங்களிலிருந்து வேண்டிய பக்கங்களை மட்டும் பிரதி எடுத்து, ஒரு பாடத்துக்கு ஒரு கட்டு என்று தைத்துக் கொடுத்து வந்தார் கடைக்காரர். பக்கத்துக்கு 40 பைசா அளவில் கூலி.

2012 ஆகஸ்டில் இந்தக் கடையின் மீதும் பல்கலைக் கழகத்தின் மீதும் டில்லி ஹைகோர்ட்டில் பிராது விழுந்தது. வாதிகள் யார் தெரியுமா? ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழக அச்சகம், கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழக அச்சகம், டெய்லர் அண்டு பிரான்சிஸ் என்ற உலகப் பெரும் பதிப்பு ஸ்தாபனங்கள். சிட்டுக் குருவி மேல் பிரம்மாஸ்திரமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் குறி குருவியின் மேல் அல்ல. அது உட்கார்ந்திருந்த மரத்தின் மேல். டில்லியில் ஜெயித்து விட்டால், நாட்டிலுள்ள கல்லூரிகள் எல்லாம் பாடக் கட்டுகளுக்குக் கட்டணம் செலுத்தி உரிமம் பெற வேண்டிய நிலை வரும்.

பதிப்பாளர் கட்சியை அநியாயம் என்று ஒரேயடியாகத் தள்ளி விடுவதும் சரியல்ல. எழுதியவருக்கு ராயல்டி போக வேண்டும்; அச்சடித்தவருக்கு முதல் திரும்ப வேண்டும். ஓசியில் படியுங்கள் என்று நாங்கள் சொன்னோமா, உரிமம் கொடுக்க ஒரு சங்கம் இருக்கிறது, பணம் கட்டிப் பெற்றுக் கொள்ளட்டும் என்றார்கள். அவர்கள் கையில் பலமான ஆயுதமும் இருந்தது. அமெரிக்காவில் ‘கிங்கோஸ்’ என்ற நகல் கடை இதே போன்ற பாடக் கட்டுகளைத் தயாரித்து விற்றது. 1991ல் நியூயார்க் கோர்ட்டு அது குற்றமே என்று சொல்லி 5,10,000 டாலர் நஷ்ட ஈடு விதித்தது. 1996ல் மிச்சிகன் மாகாணத்துக் கடை ஒன்றும் இதே போல் தோற்றது. ஒரே மாதிரிக் கடை, ஒரே மாதிரிக் கட்டு. வக்கீலுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

2012 அக்டோபரில் இடைக்காலத் தடை உத்தரவு பிறந்தது. பாடக் கட்டுகள் நின்றன. பரீட்சை மட்டும் நிற்குமா?

ஒரு வாக்கியத்தின் வயது

எதிர்க் கட்சி வக்கீல்களுக்கு இருந்த பிடி ஒரே ஒரு வாக்கியம். 1957ஆம் வருஷத்து இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 52ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. எவையெல்லாம் உரிமை மீறல் ஆகாது என்று வரிசையாகச் சொல்வது அது. அதிலே ஓர் உட்பிரிவு: ஆசிரியரோ மாணவரோ ‘போதனையின் போக்கில்’ ஒரு நூலைப் பிரதி செய்தால் குற்றமில்லை.

இங்கேதான் வேடிக்கை. இந்தச் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறியது 1957ல். சாதாரணக் காகிதத்தில் பொத்தானை அமுக்கினால் நகல் தரும் முதல் ஜெராக்ஸ் இயந்திரம் அமெரிக்காவில் வெளிவந்தது 1959ல்! சட்டம் எழுதியவர்கள் அந்த இயந்திரத்தைக் கண்ணால் கண்டதில்லை. ஆகவே அவர்கள் மனத்தில் இருந்தது கரும்பலகையும் கையெழுத்தும்தான் என்று சாதிக்க வாதிகளுக்கு இடம் இருந்தது.

ஆனால் பழைய சட்டப் புத்தகங்களைப் புரட்டுகிறவருக்கு ஒரு விஷயம் தட்டுப்படும். நம் சட்டத்துக்கு முந்திய வருஷம், 1956ல், பிரிட்டிஷ் பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டத்திலும் ‘போதனையின் போக்கில்’ என்ற இதே சலுகை இருக்கிறது. அங்கே மட்டும் ஒரு வால் ஒட்டியிருக்கிறது: ‘பல படிகள் எடுக்கும் சாதனம் கொண்டு செய்தால் செல்லாது’ என்ற கருத்தில். சைக்ளோஸ்டைல் போன்ற சாதனங்கள் அன்றே உண்டல்லவா? மறு வருஷம் வந்த இந்தியச் சட்டத்தில் அந்த வால் இல்லை. மறந்து விட்டார்களா, வேண்டுமென்றே வெட்டி விட்டார்களா? எப்படி இருந்தாலும் சட்டத்தில் இல்லாத தடையைக் கோர்ட்டு சேர்க்க முடியாது. இப்படி இல்லாத வார்த்தையைத் தேடிப் பிடிப்பதுதான் இந்த வக்கீல்களின் ராத்திரி வேலை.

வாதிகளின் வக்கீல்கள் சளைத்தார்களா? சட்டம் ‘ஒரு ஆசிரியர்’, ‘ஒரு மாணவர்’ என்று ஒருமையில்தானே சொல்கிறது, பல்கலைக் கழகம் எங்கே வந்தது என்றார்கள். போதனை என்றால் வகுப்பில் ஆசிரியரும் மாணவரும் நேருக்கு நேர் இருக்கும் நேரம் மட்டுமே என்றார்கள். நடுவில் லாபத்துக்குக் கடை நடத்துகிறவர் ஆசிரியரா, மாணவரா என்று கேட்டார்கள். கல்விக்காகத் தொகுப்பு வெளியிடுவதற்குத் தனி உட்பிரிவே இருக்கிறது. அதன்படி ஒரே ஆசிரியரின் நூல்களிலிருந்து ஒரு பதிப்பாளர் ஐந்து வருஷத்தில் இரண்டு பகுதிகளுக்கு மேல் எடுக்கக் கூடாது என்றும் காட்டினார்கள். ஒவ்வொன்றும் கூர்மையான வாதம்தான்.

பதிலுக்கு மாணவர் கட்சி கையில் எடுத்தது கணக்கு. சாதாரணமாக இப்படிப்பட்ட வழக்கில் மாணவர்களுக்கு இடமே கிடையாது. ஒரு பக்கம் பதிப்பாளர், மறு பக்கம் கடைக்காரர். இதிலோ மாணவர் சங்கம் ஒன்றும், கல்விக்காக நிற்கும் ஒரு சங்கமும் தங்களையும் கட்சியாகச் சேர்க்கும்படி மனுப் போட்டு உள்ளே வந்தன. கட்டுகளில் உள்ள ஒவ்வொரு நூலிலும் மொத்தம் எத்தனை பக்கம், எடுத்தது எத்தனை பக்கம் என்று எண்ணிப் பார்த்தார்கள். சராசரியாக நூலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று காட்டினார்கள்.

இதற்கிடையே வாதிகளுக்கு வீட்டுக்குள்ளிருந்தே ஒரு சங்கடம் வந்தது. எந்த எழுத்தாளர்களின் நலனுக்காக வழக்கு என்று சொன்னார்களோ, அவர்களில் பலர் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள்! 300க்கு மேற்பட்ட எழுத்தாளர்களும் பேராசிரியர்களும் வழக்கை வாபஸ் வாங்கும்படி கேட்டுக் கொண்டார்கள். நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென்னும் தம் பதிப்பாளரான ஆக்ஸ்போர்டுக்குக் கடிதம் எழுதினார். 1963 முதல் 1971 வரை அதே டில்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பேராசிரியராக இருந்தவர் அவர்.

நீதிபதியின் ஞாபகம்

2016 செப்டம்பர் 16ந் தேதி நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா தீர்ப்புச் சொன்னார். தாம் சட்டம் படித்த காலத்தை அதில் நினைவு கூர்ந்தார். அப்போது நகல் எடுக்கும் வசதி குறைவு, செலவும் அதிகம். மாணவர்கள் முறை வைத்துக் கொண்டு நூலகத்தில் உட்கார்ந்து, அத்தியாயம் அத்தியாயமாகக் கையால் எழுதிக் கொள்வார்களாம். கை செய்தால் குற்றமில்லாத காரியம் இயந்திரம் செய்தால் மட்டும் எப்படிக் குற்றமாகும் என்பது அவர் கேள்வி. போதனை என்பது மணி அடித்துத் தொடங்கி மணி அடித்து முடிவதல்ல. ஆசிரியர் பாடத்தைத் தயாரிப்பது முதல் பரீட்சை வரை அது நீளும் என்றார். ஒருமை, பன்மை வாதமும் நிற்கவில்லை. அமெரிக்கத் தீர்ப்புகளோ அந்நாட்டுச் சட்டத்தின் மேல் எழுந்தவை. பிராது தள்ளுபடி ஆயிற்று.

வாதிகள் அப்பீல் போனார்கள். நீதிபதிகள் பிரதீப் நந்திரஜோக், யோகேஷ் கன்னா இருவரும் சேர்ந்து விசாரித்து, 2016 டிசம்பர் 9ந் தேதி முடிவு கூறினார்கள். சட்ட விஷயத்தில் முந்திய தீர்ப்பின் பக்கமே இவர்களும் நின்றார்கள். ஆனால் ஒரு முடிச்சை அவிழ்க்காமல் விட்டார்கள். கட்டில் சேர்த்த பகுதிகள் உண்மையாகவே பாடத்துக்குத் தேவையானவைதாமா? சில நூல்கள் அட்டை முதல் அட்டை வரை பிரதி எடுக்கப்பட்டனவா? இதற்குச் சாட்சியம் வேண்டும், விசாரணை நடக்கட்டும் என்றார்கள். அதுவரை தடை உத்தரவு கிடையாது. கடைக்காரர் கணக்கு எழுதி ஆறு மாதத்துக்கு ஒரு முறை கோர்ட்டில் கொடுத்தால் போதும்.

விசாரணை நடக்கவே இல்லை. 2017 மார்ச்சில் மூன்று ஸ்தாபனங்களும் வழக்கை விட்டு விலகிக் கொண்டன. உரிமம் கொடுக்கும் சங்கம் மட்டும் சுப்ரீம் கோர்ட்டைத் தட்டிப் பார்த்தது. மே மாதத்தில் அந்த மனுவும் தள்ளுபடி ஆயிற்று. ஆகவே எத்தனை பக்கம் வரை போனால் ‘தேவை’, எங்கே அது ‘பேராசை’ ஆகிறது என்ற கேள்வி சாட்சிக் கூண்டு ஏறாமலே போய் விட்டது. வக்கீல்களுக்கு அது ஒரு குறைதான்!

வேறு சில மேஜைகள்

மற்ற நாட்டு வக்கீல்களுக்கும் இதே பிழைப்புத்தான். டெலிவிஷன் நிகழ்ச்சியை வீட்டிலேயே நாடாவில் பிடித்து வைக்கும் இயந்திரத்தை சோனி கம்பெனி விற்றது. 1976ல் யூனிவர்சல், டிஸ்னி என்ற இரு சினிமா கம்பெனிகள் அதன் மேல் பாய்ந்தன. சோனியின் பக்கம் கிடைத்த அருமையான சாட்சி, குழந்தைகள் நிகழ்ச்சி நடத்தி வந்த பிரெட் ரோஜர்ஸ் என்பவர். குடும்பங்கள் என் நிகழ்ச்சியைப் பிடித்து வைத்துப் பிறகு பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை என்று அவர் சொல்லி விட்டார். நியாயமான உபயோகம் உள்ள இயந்திரத்தை விற்பதே குற்றமாகாது என்று 1984ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சோனி தப்பியது. ஒரு நீதிபதியின் மனம் மாறியிருந்தால் கதை வேறு! பின்னால் அதே சினிமா கம்பெனிகள் நாடாப் பெட்டிகளை விற்று நல்ல வருமானம் பார்த்தன என்பது கிளைக் கதை.

கூகுள் மேல் ஆரக்கிள் கம்பெனி 2010ல் போட்ட வழக்கில் சுமார் 11,500 வரிகள் தகராறுக்கு வந்தன. அதில் ஒன்பது வரித் துண்டு ஒன்றையும் பெரிதாகப் பேசினார்கள். விசாரித்த நீதிபதி வில்லியம் ஆல்ஸப்போ புரோகிராம் எழுதத் தெரிந்தவர். இப்படிப்பட்ட துண்டை நானே எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன் என்று அவர் சொன்னதும், வக்கீலின் வாய்ச் சாதுரியம் எவ்வளவு தூரம் போகும்? பதினோரு வருஷம் இழுத்து, 2021ல் சுப்ரீம் கோர்ட்டில் கூகுள் ஜெயித்தது.

நம் நாட்டிலும் இத்தகைய வழக்குகளுக்கென்றே டில்லி ஹைகோர்ட்டில் 2021ல் தனிப் பிரிவு ஏற்பட்டது. சென்னை ஹைகோர்ட்டில் 2023ல் ஏற்பட்டது. 2024 நவம்பரில் ஏ.என்.ஐ. என்ற இந்தியச் செய்தி ஸ்தாபனம், கேட்ட கேள்விக்குத் தானே பதில் எழுதும் கம்ப்யூட்டர் மூளையைத் தயாரித்த ஓப்பன் ஏ.ஐ. என்ற அமெரிக்கக் கம்பெனி மேல் டில்லி ஹைகோர்ட்டில் வழக்குத் தொடுத்தது. எங்கள் செய்திகளை அனுமதி இல்லாமல் படிக்க வைத்து அந்த மூளையை வளர்த்திருக்கிறார்கள் என்பது புகார். கோர்ட்டு தீர்மானிக்க எடுத்துக் கொண்ட கேள்விகளில் ஒன்று, 1957ஆம் வருஷத்துச் சட்டத்தின் அதே 52ஆம் பிரிவு இந்தக் கம்பெனிக்கும் புகலிடம் தருமா என்பது.