கழிவுநீரிலும் ஒரு எதிர்காலம் உண்டு!



டிப்ளமோ முடித்ததும் என்ன செய்வது? நம் எல்லோருக்கும் உள்ள கேள்விதான். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். வழி சொல்ல யாருமில்லை. அதனால் விசாரித்துத் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சுற்றுச்சூழல் பொறியியல் என்றால், "மரம் நடுற படிப்பாப்பா?" என்று கேட்கிறார்கள். அது இல்லீங்க! குடிநீர், கழிவுநீர், புகை, குப்பை, அபாயக் கழிவு ஆகியவற்றை அளந்து, கணக்குப் போட்டு, சுத்தம் செய்யும் பொறியியல் இது. நம்ம மணவாள நகர் பக்கம் போகும் கூவம் சென்னைக்குள் என்ன கதியாகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதியைத் தடுப்பதுதான் இந்தத் தொழில்.

ஒரு ஆலையின் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுநீரை முதலில் ஒரு தொட்டியில் சேர்த்துச் சமப்படுத்துவார்கள். அமிலமோ காரமோ அதிகமிருந்தால் சரிசெய்வார்கள். பிறகு காற்று ஊதும் தொட்டியில் பாக்டீரியா அழுக்கைத் தின்னும். கடைசியில் சேறு அடியில் தங்க, தெளிந்த நீர் மேலே வரும். பாக்டீரியா அந்த அழுக்கைத் தின்ன எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதே பி.ஓ.டி. நம் நாட்டில் 27 டிகிரியில் 3 நாள் வைத்து அளக்கிறார்கள். ஆற்றில் விடும் நீரில் இது லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது பொது விதி.

இந்த வேலைகள் சட்டத்தால் வந்தவை. 1974-ல் நீர்ச் சட்டம், 1981-ல் காற்றுச் சட்டம், 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தன. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-ல் அமைந்தது. வேலூர் தோல் ஆலை வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது. 2011-ல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையே மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சுத்திகரிப்பு சரியில்லை என்றால் ஆலைக்கே பூட்டு! அப்புறம் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வீட்டில் அடுப்பு எரியுமா?

படிக்கும் வழி இதுதான். நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. சேரலாம். சில கல்லூரிகளில் பி.இ. சுற்றுச்சூழல் பொறியியலே உண்டு. ஆனால் பல வேலை விளம்பரங்களில் சிவில், கெமிக்கல் என்றுதான் கேட்கிறார்கள். ஆகவே அதில் ஒன்றில் பி.இ. முடித்து, எம்.இ.யில் சுற்றுச்சூழல் எடுப்பது பத்திரமான வழி என்பது என் கருத்து. கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்திலும் அந்த எம்.இ. இருக்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். கல்விக் கட்டணச் சலுகைக்கு உதவும்.

உடனே சம்பாதிக்க வேண்டியவர்கள் கும்மிடிப்பூண்டி, மணலிப் பக்கம் சுத்திகரிப்பு நிலைய ஆபரேட்டர், ஆய்வக உதவியாளர் வேலைக்கு முயலலாம். ஷிப்ட் வேலை, நாற்றமும் உண்டு, மறைக்கவில்லை. பட்டம் பெற்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், குடிநீர் வாரியங்கள், ஆலோசனை நிறுவனங்கள் என்று வாசல் பெரிதாகும்.

கடைசியாக ஒன்று. பாதுகாப்பில்லாமல் ஆளைக் கழிவுநீர்த் தொட்டியில் இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அதன் பிறகும் விஷவாயுவில் உயிர்கள் போகின்றன. போகிறவர்கள் நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள்தான். அந்த வேலையை இயந்திரத்துக்கு மாற்றும் பொறியாளர்கள் நம்மிலிருந்து வரட்டும், தோழர்களே!